கிறித்துவத்தில் ‘இறை’: அரசனும் கடவுளும்

ஷா ஆலம் தொழிற்பேட்டைப் பகுதியில் 2005இல் திறக்கப்பட்ட இறை இரக்க ஆலயத்தின் பெயரிலுள்ள ‘இறை’ என்னும் சொல் பழந்தமிழில் கடவுளையும் அரசனையும் ஒருங்கே குறிக்கும். குடிகள் செலுத்தும் வரிக்கும் அதுவே பெயர். ‘கோயில்’ என்பதும் மன்னன் இல்லமே. எனவே ‘இறையாட்சி’ எனக் கேட்கும் தமிழருள்ளத்தில் கொற்றமும் குடையும் தோன்றுதல் இயல்பு. கிறித்துவமோ சொல்லை ஏற்றுப் பொருளைப் புரட்டிவிடுகின்றது. வரி கொள்வதற்கு மாறாக, இவ்வரசர் பலருடைய மீட்புக்கு விலையாகத் தம்முயிரையே கொடுக்க வந்தவர் என்பது மாற்கு நற்செய்தி. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1925இல் ஏற்படுத்திய கிறிஸ்து அரசர் பெருவிழாவில் இன்று மூவாண்டுக்கொருமுறை வாசிக்கப்படும் லூக்கா பகுதியும் முடிசூட்டைப் பேசவில்லை, சிலுவைச்சாவையே பேசுகின்றது. அரசர் என்னும் பெயர் அங்கே படைவீரர்க்கு ஏளனம். அவருக்கு ஓர் ஆட்சியுண்டு என நம்பி, அதில் தன்னை நினைவுகூருமாறு வேண்டியவன் உடன் தொங்கிய குற்றவாளி ஒருவனே.