‘எல்லாரும் அதுலதான் இருக்காங்க...’ - ஒரே நிறுவனத்தின் கையில் நம் பேச்சு, சந்தேகம் ஏன்?

சங்கராபுரம் கடைவீதியில் மளிகைக் கடைக்குச் சரக்குச் சீட்டு இப்போது யார் கொண்டு வருகிறார்கள்? “அண்ணே, லிஸ்ட்ட வாட்ஸ்அப்ல போட்டுட்டேன், கட்டி வச்சிடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளையின் வீட்டுப்பாடம், கோயில் திருவிழா வரவு செலவு, கரும்பு வெட்டுக்கு ஆள் சொல்வது, மரவள்ளி விலை விசாரிப்பது என எல்லாம் அதே பச்சை நிறச் செயலியில்தான். கல்வராயன் மலையில் இருந்து வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைக்கு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வந்து ஒரு தாய் அனுப்பும் குரல் பதிவும் அதன் வழியாகத்தான் போகிறது.

வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இத்தனை பேச்சும் ஒரே நிறுவனத்தின் கையில் சேரும்போது, “இது நல்லதுக்கா?” என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கேள்வி ஏன் எழுகிறது, அதற்கு என்ன அடிப்படை என்று பார்ப்போம்.

மெட்டா போட்ட திட்டம் என்ன?

வாட்ஸ்அப் முதலில் ஃபேஸ்புக்கின் செயலி அல்ல. ஜான் கூம், பிரையன் ஆக்டன் என்ற இருவர் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்பதை அவர்கள் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது.

2019 மார்ச் மாதம் மார்க் சக்கர்பெர்க் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். மெசஞ்சர், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றிலும் இருப்பவர்கள் எந்தச் செயலியில் இருந்தும் எந்தச் செயலிக்கும் செய்தி அனுப்பலாம். எல்லாம் பூட்டுப் போட்டுப் பாதுகாக்கப்படும் என்பது அதன் சாரம். முன்வைத்த வார்த்தை ‘அந்தரங்கம்’. ஆனால் கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. கோடிக்கணக்கான ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் அரசியல் பிரச்சார வேலைக்குப் போனது எல்லோர் நினைவிலும் பசுமையாக இருந்தது.

வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவருமே அதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். ஆக்டன் 2017-லும், கூம் 2018-லும் போனார்கள். ஆக்டன் 5 கோடி டாலர் கொடுத்து, போட்டிச் செயலியான சிக்னலுக்கு அறக்கட்டளை அமையக் காரணமானார். வீட்டைக் கட்டியவரே பக்கத்துத் தெருவில் வேறு வீடு கட்டினால், குடியிருப்பவர்களுக்குக் கேள்வி வராதா?

திட்டம் நிறைவேறியதா?

பாதிதான். 2020 செப்டம்பரில் இன்ஸ்டாகிராமையும் மெசஞ்சரையும் இணைத்தார்கள். 2023 டிசம்பரில் அந்த இணைப்பை அந்த நிறுவனமே எடுத்துவிட்டது. வாட்ஸ்அப் அந்த வளையத்துக்குள் வரவே இல்லை.

ஆனால் பின்னணியில் வேறு ஒரு இணைப்பு நடந்துகொண்டிருந்தது. நாம் அனுப்பும் செய்திகள் இணையவில்லை. நம்மைப் பற்றிய தகவல்கள் இணைந்தன. சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

“செய்தியை யாரும் படிக்க முடியாது” என்கிறார்களே?

அது உண்மைதான். வாட்ஸ்அப்பில் 2016 முதல் இருமுனை மறையாக்கம் இருக்கிறது. அனுப்புகிறவர், பெறுகிறவர் தவிர நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் தனிப்பட்ட செய்தியைப் படிக்க முடியாது.

ஆனால் ஒட்டிய கவரில் வரும் தபாலை நினைத்துப் பாருங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தபால்காரருக்குத் தெரியாது. யாருக்கு வந்தது, எந்த ஊரில் இருந்து வந்தது, மாதம் எத்தனை வருகிறது என்பது தெரியும். அதேபோல நம் எண், கைபேசி விவரம், எப்போது பயன்படுத்துகிறோம், எந்த வணிகக் கணக்கோடு பேசுகிறோம் என்பவை பூட்டுக்கு வெளியே இருக்கும் தகவல்கள். உரக்கடையோடும் மருந்தகத்தோடும் நகைக்கடன் நிறுவனத்தோடும் ஒருவர் அடிக்கடி பேசுகிறார் என்று தெரிந்தாலே போதும். அவர் என்ன பேசினார் என்று படிக்காமலேயே பல விஷயங்களை ஊகித்துவிடலாம். விளம்பரத் தொழிலுக்கு இது பொன் போன்றது.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று ஒரு பழமொழி உண்டு. செய்திக்குக் காவலாக இருக்கும் நிறுவனமே விளம்பரக்காரர்களுக்குத் தோழனாகவும் இருப்பதுதான் மக்களை நெளிய வைக்கிறது.

இந்தியாவில் என்ன நடந்தது?

2016 ஆகஸ்டில், பயனர் தகவல்களை ஃபேஸ்புக்கோடு பகிர்வதாக வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றியது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று, 2017-ல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அப்போது விலகிக்கொள்ள 30 நாள் வாய்ப்பாவது கொடுத்தார்கள்.

2021 ஜனவரியில் அதுவும் இல்லை. பிப்ரவரி 8-க்குள் புதிய விதிகளை ஏற்க வேண்டும், இல்லையென்றால் செயலியைப் பயன்படுத்த முடியாது என்ற அறிவிப்பு கைபேசித் திரையில் வந்து நின்றது. ஐரோப்பியப் பயனர்களுக்கு வேறு விதி, நமக்கு வேறு விதி. “அவங்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?” என்ற கோபம் எழுந்தது. லட்சக்கணக்கானோர் சிக்னலையும் டெலிகிராமையும் இறக்கினார்கள். அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசும் கடிதம் எழுதியது. கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. பிறகு, ஏற்காதவர்களின் கணக்கை முடக்க மாட்டோம் என்று நிறுவனம் இறங்கி வந்தது.

இந்தியப் போட்டி ஆணையம் தானாகவே முன்வந்து விசாரித்தது. 2024 நவம்பர் 18-ல் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ‘ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு’ என்று நிபந்தனை வைப்பது, சந்தையில் மேலாதிக்கம் உள்ள நிறுவனம் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்பது ஆணையத்தின் முடிவு. விளம்பரத்துக்காக ஐந்து ஆண்டுகள் தகவலைப் பகிரக் கூடாது என்றும் தடை போட்டது. மேல்முறையீட்டில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பர் 4-ல் அந்த ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. அபராதத்தை உறுதி செய்தது.

இதற்கு முன்பும் ஒரு முறை இந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் தடை விழுந்திருக்கிறது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று வந்த ‘ஃப்ரீ பேஸிக்ஸ்’ திட்டம், 2016 பிப்ரவரி 8-ல் ட்ராய் கொண்டுவந்த கட்டண விதியால் நின்றுபோனது. இணையம் இல்லாத கிராமத்துக்கு உதவி என்றுதான் அதையும் சொன்னார்கள். எந்தத் தளத்தைப் பார்க்கலாம் என்பதை யார் முடிவு செய்வது என்பதே அப்போது எழுந்த எதிர்க்கேள்வி.

பிடிக்கவில்லை என்றால் வெளியே வர வேண்டியதுதானே?

சொல்வது சுலபம். ஒரு டீக்கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். செய்திச் செயலியில் அப்படி முடியாது. “எல்லாரும் அதுலதான் இருக்காங்க, நான் மட்டும் எங்க போறது?” என்பதுதான் பெரும்பாலானோரின் பதில். இந்தியாவில் 50 கோடிக்கும் மேற்பட்டோர் வாட்ஸ்அப்பில் இருப்பதாகக் கணக்கு. சங்கராபுரத்தில் ஒரு தாய் வெளியேறினால் மெட்டாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மகளின் வகுப்புக் குழுவில் வரும் தேர்வு அட்டவணை அவருக்குக் கிடைக்காமல் போகும்.

இந்தப் பிடி நாளுக்கு நாள் இறுகுகிறது. வாட்ஸ்அப் வழியாகப் பணம் அனுப்பும் யுபிஐ சேவைக்கு இருந்த பயனர் வரம்பு 2024 டிசம்பர் 31-ல் நீக்கப்பட்டது. ஆந்திர அரசு 2025 ஜனவரியில் ‘மன மித்ர’ என்ற பெயரில் 161 அரசு சேவைகளை வாட்ஸ்அப் வழியாகத் தொடங்கியது. 2025 ஜூனில், வாட்ஸ்அப்பின் ‘அப்டேட்ஸ்’ பகுதிக்குள் விளம்பரம் வருவதாக மெட்டா அறிவித்தது. நிறுவனர்கள் வேண்டாம் என்று சொன்ன அதே விளம்பரம்தான்.

எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 அக்டோபர் 4 ஒரு சாட்சி. இந்திய நேரப்படி அன்று இரவு 9 மணி வாக்கில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே சமயத்தில் நின்றன. நிறுவனத்தின் உள் வலையமைப்பில் நடந்த ஒரு தவறான மாற்றமே காரணம். சுமார் ஆறு மணி நேரம் ஆனது சரிசெய்ய.

கள்ளக்குறிச்சிக்குத் தெரிந்த மறுபக்கம்

இந்த மாவட்டத்துக்குக் குழுச் செய்தியின் வேகம் புதிதல்ல. சின்னசேலம் அருகே கனியாமூரில் 2022 ஜூலையில் மாணவி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து, 17-ம் தேதி நடந்த போராட்டம் வன்முறையாக மாறியது. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆட்கள் திரட்டப்பட்டதாகக் காவல் துறை கூறியது, கைதுகளும் நடந்தன.

அதனால் சந்தேகம் நிறுவனத்தின் மீது மட்டும் நிற்பதில்லை. ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று 2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் கேட்கின்றன. அப்படிச் செய்தால் பூட்டே உடைந்துவிடும் என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வதந்தியைத் தடுக்க வேண்டும் என்பது ஒரு பக்க நியாயம். அதற்காக எல்லோருடைய பேச்சையும் திறந்து வைக்க வேண்டுமா என்பது இன்னொரு பக்க நியாயம்.

நம்ம ஊர் ‘அரட்டை’ தீர்வு ஆகுமா?

2021-ல் ஸோஹோ நிறுவனம் ‘அரட்டை’ செயலியைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் சுதேசிச் செயலிகளைப் பயன்படுத்தச் சொன்னதும் அது திடீரென்று பறந்தது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த நிலை மாறி, மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு செயலி நாடு முழுக்கப் பேசப்பட்டதில் இங்கே பலருக்கும் பெருமைதான்.

ஆனால் பெருமை வேறு, பாதுகாப்பு வேறு. அப்போது அரட்டையில் அழைப்புகளுக்கு இருமுனை மறையாக்கம் இருந்தது. வழக்கமான எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கேள்வி எழுந்த பிறகு அதையும் கொண்டுவருவதாக ஸோஹோ சொன்னது. அமெரிக்க நிறுவனத்திடம் கேட்ட கேள்வியைத் தமிழ்நாட்டு நிறுவனத்திடமும் கேட்பதில் தப்பில்லை. முதலாளி நம்ம ஊர்க்காரர் என்பதால் மட்டும் பூட்டு பலமாகிவிடாது.

வேம்பு சொன்ன இன்னொரு விஷயம்தான் கவனிக்கத் தக்கது. செய்திச் செயலிகள் யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். மூடிய அமைப்பாக இருக்கக் கூடாது என்றார் அவர்.

அப்படியானால் வழி எது?

ஏர்டெல் எண்ணில் இருந்து பி.எஸ்.என்.எல். எண்ணுக்கு அழைக்கிறோம். யாரும் யோசிப்பதே இல்லை. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றவும் முடிகிறது. சேவை பிடிக்கவில்லை என்றால் கிளம்பலாம் என்ற நிலை வந்ததும், வாடிக்கையாளரை மதிக்க வேண்டிய கட்டாயமும் நிறுவனங்களுக்கு வந்தது.

செய்திச் செயலிக்கும் இதே வழியை ஐரோப்பா முயல்கிறது. அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் செயலியை மற்றச் செயலிகளுக்குத் திறந்துவிட வேண்டும். அதன்படி 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைக்கெட் என்ற இரு சிறு செயலிகளோடு இணைப்பை மெட்டா அறிவித்தது. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஒப்புதல் தொடர்பான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும்.

எல்லோரையும் இணைப்பது என்பதில் இரண்டு வகை உண்டு. ஒரே முதலாளியின் கூரைக்குள் எல்லோரையும் கொண்டுவந்து இணைப்பது ஒன்று. அவரவர் வீட்டில் இருந்தபடியே பேசிக்கொள்ளப் பொதுப் பாதை போடுவது இன்னொன்று. மக்கள் சந்தேகப்படுவது முதல் வகையைத்தான்.

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். வாட்ஸ்அப்பில் சேமிக்கப்படும் பழைய உரையாடல் நகலுக்கு மறையாக்கம் தானாக இயங்காது. அமைப்புகள் பகுதிக்குப் போய் நாம்தான் போட வேண்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுக்கொள்ளலாம். பள்ளியோ, கூட்டுறவுச் சங்கமோ, ஊராட்சியோ முக்கிய அறிவிப்பைக் குழுவில் மட்டும் போட்டால், “அறிவிப்புப் பலகையிலும் எழுதுங்க, குறுஞ்செய்தியும் அனுப்புங்க” என்று கேட்கலாம். வாட்ஸ்அப் இல்லாதவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் அல்லவா?