கேஜ் வீலும் டிராக்டர் கியர் தேய்மானமும்

கேஜ் வீல் என்பது சேற்று வயலில் பிடிப்புக் கிடைக்க டிராக்டரின் பின்சக்கரத்தில் பொருத்தப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் ஆகும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் கூரம், உத்திரமேரூர் போன்ற நெல் விளையும் பகுதிகளில் நடவுக்கு முன் சேடை ஓட்ட இது உதவுகிறது. ஆர்-2 எனப்படும் சேற்று டயரும் இதே நோக்கம் கொண்டது; அதன் பட்டைகள் வழக்கமான ஆர்-1 டயரைவிட ஏறத்தாழ இருமடங்கு ஆழமானவை.

கியருக்குப் பாதிப்பு

இந்தப் பிடிப்பு மட்டுமே கியரைக் கெடுப்பதில்லை. சுமை மிகும்போது சேறு நழுவி இடம் கொடுப்பதால் அதிர்ச்சி குறைகிறது. கெட்டித் தரையில் அந்த நழுவல் இல்லை. ஒவ்வொரு பட்டையும் மோதும் அதிர்ச்சி ஆக்சில், பேரிங், கியர் பற்களுக்குச் செல்கிறது. தார்ச்சாலையும் பெயர்கிறது.

சக்கரத்தின் ஆரம் 10% கூடினால், அதே இழுவைக்கு ஆக்சிலில் முறுக்குவிசையும் 10% கூடும். கூண்டு வெளிப்புறம் நீண்டிருந்தால் ஆக்சிலை வளைக்கும் விசை மிகும். நான்கு சக்கர இயக்க டிராக்டரில் முன், பின் டயர் அளவுகள் பொருந்தாவிட்டால், கெட்டித் தரையில் கியர்கள் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும். ஏடிவி வண்டிகளுக்கும் இவை பொருந்தும்.

தவிர்க்கும் முறை

வயல் வேலை முடிந்ததும் கேஜ் வீலைக் கழற்றிவிட வேண்டும். டிஃபரன்ஷியல் லாக் போட்டுத் திரும்பக் கூடாது. புதைந்த டிராக்டரைக் கிளட்சைத் திடீரென விட்டு முன்னே எடுத்தால், கியர் உடைவதோடு முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர் மீதே கவிழலாம். மெதுவாகப் பின்னோக்கி எடுப்பதே பாதுகாப்பானது.