மின்வேலைக்குப் போகும் பிள்ளையின் விரலில் மோதிரம் வேண்டாம்

நமதூரில் எலக்ட்ரீஷியன் இல்லாத தெரு இல்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழிலைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். சவூதியிலும் துபையிலும் கத்தரிலும் சைட்டில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் காலையில் என்ன உடுத்திக் கிளம்புகிறார்கள், உடம்பில் என்ன அணிந்திருக்கிறார்கள் என்பதை வீட்டில் உள்ள தாய்மார்களும் மனைவிமார்களும்தான் முதலில் பார்க்கிறார்கள். அதனால் வேலைக்குப் போகிறவர்களோடு சேர்த்து அவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் மோதிரம். தங்கம் ஆண்களுக்கு ஆகாது என்பதால் நம் பிள்ளைகள் அணிவது பெரும்பாலும் வெள்ளி மோதிரம்தான். அகீக் கல் பதித்தது, நிக்காஹ்வுக்கு மாமியார் வீட்டில் போட்டது, உம்ராவுக்குப் போன பெரியவர் வாங்கி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாசம் உண்டு. மார்க்கத்தில் அதற்கு அனுமதியும் உண்டு. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் எல்லா உலோகங்களையும் விட முன்னால் நிற்பது வெள்ளிதான். நாம் ஒயருக்குப் பயன்படுத்தும் செம்பு அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது. ஆக, விரலில் வெள்ளி வளையத்தைப் போட்டுக்கொண்டு போர்டுக்குள் கையை விடுவது, செம்பை விட நல்ல கம்பி ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு கையை விடுவதற்குச் சமம். ஸ்டீல், டைட்டானியம் மோதிரம் என்றாலும் இதே கதைதான்.

மோதிரத்துக்கு அடியில் தோல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். வியர்வை, ஒளூ செய்த தண்ணீர், சோப்பு எல்லாம் அங்கே தங்கும். காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். ஈரத் தோல் அப்படித் தடுக்காது. விரல் நுனி பட்டிருந்தால் சுரீர் என்று இழுத்துக்கொள்கிற அளவில் முடிந்திருக்கக்கூடியது, ஈரத்தோடு விரலைச் சுற்றியிருக்கும் வளையம் வழியாக வரும்போது பல மடங்கு அதிகமாகப் பாயும். வாட்ச்சின் ஸ்டீல் செயினும் இப்படித்தான்.

ஷாக் அடிக்காத இடத்திலும் மோதிரம் ஆபத்துதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியோ கார் பேட்டரியோ வெறும் 12 வோல்ட். தொட்டால் ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் மோதிரத்தோடு ஸ்பேனரைப் பிடிக்கிறார்கள். ஸ்பேனர் ஒரு டெர்மினலில் இருக்கும்போது மோதிரம் அடுத்த டெர்மினலிலோ வண்டியின் பாடியிலோ பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த வளையத்தின் வழியே ஓடும். ஓரிரு விநாடியில் மோதிரம் பழுக்கக் காய்ந்துவிடும். கழற்றலாம் என்றால் தொட முடியாது. விரலைச் சுற்றி முழு வட்டமாகத் தோலும் சதையும் வெந்துபோகும். நமது மருத்துவ உதவிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞரின் நிலை இதுதான். பேட்டரி மாற்றப் போனவர், மோதிர விரலை மடக்க முடியாமல் நிற்கிறார். பேட்டரிக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் அவரைக் காப்பாற்ற ஒரு பியூஸ் கூட இல்லை.

“எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோமே” என்று சிலர் கேட்பார்கள். நல்ல விஷயம், எல்லா வீட்டிலும் போட வேண்டியது. 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் அது சப்ளையைத் துண்டித்துவிடும். ஆனால் மோதிரம் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஷார்ட் ஆக்கினால், போன மின்சாரம் அப்படியே திரும்பி வந்துவிடுவதால் கசிவு என்று அதற்குத் தெரியாது. எம்.சி.பி.தான் விழ வேண்டும். அது விழுவதற்குள் தீப்பொறி பறந்து விரல் வெந்திருக்கும்.

மோதிரத்தின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். டேப் வியர்வையில் நெகிழும். ஏணியில் இருந்து இறங்கும்போதோ குதிக்கும்போதோ ஆணியிலோ கிளாம்பிலோ மோதிரம் மாட்டிக்கொண்டால், உடம்பின் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் தொங்கும். விரலின் தோலும் சதையும் உரிந்து வரும் காயம் இப்படித்தான் ஏற்படுகிறது. அதற்கு டேப் எந்த உதவியும் செய்யாது. மோதிரத்துக்கு மேல் ரப்பர் கையுறை போட்டாலும் உள்ளிருந்தே கையுறை கிழியும். கழற்றி வீட்டில் வைப்பது ஒன்றுதான் வழி. கை வெறுமையாக இருக்கிறது என்று வருந்தும் புது மாப்பிள்ளைகளுக்குச் சிலிக்கான் மோதிரம் கிடைக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது, மாட்டிக்கொண்டால் அறுந்துவிடும்.

கழுத்தில் உள்ளவை அடுத்து. தாயத்து கட்டலாமா கூடாதா என்ற பேச்சுக்கு நாங்கள் இங்கே வரவில்லை, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது வெள்ளியிலோ செம்பிலோ செய்த குழாய் என்பதும், குனிந்தால் சட்டையிலிருந்து வெளியே தொங்கும் என்பதும்தான் எங்கள் கவலை. திறந்த பேனலின் முன் தொங்கும் எந்த உலோகமும் ஆகாது. இரும்புக் கொக்கி வைத்த ஐ.டி. கார்டு கயிறும், இடுப்பில் ஆடும் சாவிக்கொத்தும், கனத்த பெல்ட் பக்கிளும் இதில் சேரும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் மோதிரம், கைச்செயின், கழுத்துச் செயின், வாட்ச் பட்டை, சாவிச் செயின் என்று பெயர் சொல்லி, மின்னோட்டம் உள்ள பாகங்களில் படக்கூடிய இடத்தில் இவற்றை அணியக் கூடாது என்கின்றன. உலோக நூல் கலந்த துணியையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

துணியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. கால்பந்து ஜெர்சியோடு வேலைக்குப் போகும் பழக்கம் நம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. காற்றோட்டமாக இருக்கிறது, சீக்கிரம் காய்கிறது, விலையும் குறைவு. ஆனால் அது பாலியஸ்டர். சுமார் 250 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். மூன்று பேஸ் பேனலில் பெரிய ஷார்ட் ஏற்பட்டு நெருப்புப் பிழம்பு கிளம்பினால், அதன் நடுவில் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். சூரியனின் மேற்பரப்பு கூட அவ்வளவு சூடு இல்லை. அது ஒரு விநாடிக்குள் அடங்கினாலும் ஜெர்சி உருகி மெழுகு போலத் தோலோடு ஒட்டிவிடும். பிறகு தோலோடு சேர்த்துத்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும். வீட்டு ஸ்விட்ச்போர்டில் இந்த அளவு நடப்பது அரிது. தொழிற்சாலை, பெரிய கட்டடம், டிரான்ஸ்பார்மர் பக்கத்து பேனல் ஆகியவைதான் இதற்கு இடம்.

கெட்டியான பருத்திச் சட்டை உருகாது. தீப்பிடிக்கத்தான் செய்யும், ஆனால் பாலியஸ்டரைப் போல ஒட்டிக்கொள்ளாது. முழுக்கை வைத்துத் தைத்து, கையை மடிக்காமல் பட்டன் போட வேண்டும். உள்ளே போடும் பனியனும் பருத்தியாகவே இருக்கட்டும். கல்ஃபில் எண்ணெய் நிறுவனங்களில் தீயைத் தாங்கும் கவரால் கொடுக்கிறார்கள். அதற்குள் ஜெர்சி போட்டால் கவரால் எரியாமல் இருந்தும் ஜெர்சி உள்ளேயே உருகலாம். அந்தத் துணியை ப்ளீச் போட்டுத் துவைக்கக் கூடாது என்பதையும் அறையில் துவைக்கிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள். வெயில் தாங்காமல் கவராலை இடுப்பு வரை இறக்கிக் கட்டிக்கொள்வது அங்கே சகஜம். அவர்களின் கஷ்டம் புரிகிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அந்த ஓய்வைக் கேட்டு வாங்குங்கள், பேனலைத் திறக்கும்போது மட்டும் கவராலை முழுதாகப் போடுங்கள்.

கைலி கட்டி ஏணி ஏறுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பேண்ட் போடுங்கள்.

ஹவாய் செருப்பு ரப்பர்தானே என்ற நம்பிக்கையும் தவறு. ஈரத் தரையில் குதிகால் வெளியே பட்டாலே போதும். மின்வேலைக்கு என்றே சோதித்து விற்கும் ஷூ இருக்கிறது. கையுறையும் சமையலறைக் கையுறை ஆகாது, 1,000 வோல்ட் வரைக்கான ‘கிளாஸ் 0’ ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்க வேண்டும். போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டு மின் பாதுகாப்பு விதிகள், மின்கம்பியிலும் மின்சாதனத்திலும் வேலை செய்கிறவருக்குக் கையுறை, ரப்பர் ஷூ, பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட் ஆகியவை வழங்கப்பட வேண்டும் என்கின்றன. கான்ட்ராக்டரிடம் கேட்பது தயவு கேட்பதல்ல. இத்தனை இருந்தாலும் மெயினை ஆஃப் செய்து டெஸ்ட் பண்ணிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் சப்ளையை நிறுத்துங்கள், அதற்கு முன் ஆளைத் தொடாதீர்கள். வெந்த இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். மோதிரம் இருந்தால் விரல் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மை எதுவும் தடவாதீர்கள். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மின்சாரம் உள்ளே என்ன செய்தது என்பது வெளியே தெரியாது. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகே வீட்டுக்கு வரட்டும்.

படிப்பு முடிக்கும் எலக்ட்ரீஷியன் பிள்ளைகளுக்கு நமது டிரஸ்ட் கொடுக்கும் டூல் பையில் இந்த ஆண்டு முதல் இரண்டு பருத்தி முழுக்கைச் சட்டைகளும் ஒரு ஜோடி ஷூவும் சேர்க்கிறோம். ஏற்கனவே வேலையில் இருந்து, வாங்க வசதி இல்லாதவர்களும் கேட்கலாம். அஸருக்குப் பிறகு அலுவலகம் வந்து சட்டை அளவையும் ஷூ அளவையும் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.