ஏடும் தறியும் எழுத்தும்: அன்றும் இன்றும்

ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், புத்தகம் படிப்பேன் என்பவர்கள் எப்போதும் உண்டு. சின்னத் தறி ஒன்று வைத்திருக்கிறேன், நெய்வேன் என்பவர்களையும், எழுத்தோவியம் பழகுகிறேன் என்பவர்களையும் இப்போது அடிக்கடி பார்க்கிறோம். நம் பாட்டன் பாட்டி காலத்தில் இந்த மூன்றில் எதுவும் பொழுதைப் போக்குவதற்கென்று இருக்கவில்லை. வாசிப்பு, வாய்த்தவர்களுக்கு மட்டும் கிடைத்த செல்வம். நெசவு வயிற்றுப்பாடு. அழகாக எழுதுவது பள்ளிக்கூடத்துக் கட்டளை. ஐம்பது அறுபது ஆண்டுகளில் மூன்றும் வீட்டுக்குள் வேறு வேறு இடங்களுக்கு நகர்ந்துவிட்டன. இதில் இழப்பு மட்டுமே இருப்பதாக வருந்துகிறவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இந்த மாற்றம் நம் தோளில் ஒரு பொறுப்பையும் வைத்திருக்கிறது.

கூடிப் படித்தது, தனித்துப் படிப்பது

அன்று ஒரு வார இதழ் வீட்டுக்கு வந்தால் அது ஒருவருக்கு வந்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள். முதலில் யார் படிப்பது என்று சண்டை நடக்கும். கண் மங்கிய பாட்டிக்குப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டுவாள். பிறகு அது அடுத்த வீட்டுக்குப் போகும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, மணியம் வரைந்த படங்களோடு வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. அந்தத் தொகுப்புகள் சில குடும்பங்களில் மூன்று தலைமுறைகளைக் கண்டுவிட்டன.

வீட்டுக்கு வெளியிலும் வாசிப்புக்கு இடம் இருந்தது. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனின் கனவு அது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. ஊர்களில் கிளை நூலகங்கள் திறந்தன. அரசு திறக்காத தெருக்களில் இயக்கங்கள் படிப்பகம் திறந்தன. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டு அரசியல் பேசினார்கள். அச்சுக்குக் காசில்லாத இளைஞர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். இருப்பது ஒரே பிரதி. அது வாசகர் வீடுகளைச் சுற்றிவிட்டு, ஓரங்களில் கருத்துகளோடு ஆசிரியரிடம் திரும்பி வரும்.

அந்தக் காலத்தை முழுவதும் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோன வீடுகள் ஏராளம். கதைப் புத்தகத்தைத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்த மருமகள்கள் இருந்தார்கள். சாதியின் பெயரால் பள்ளி வாசலிலேயே தடுக்கப்பட்டவர்களுக்கு நூலகம் கைக்கு எட்டியதே இல்லை.

இன்றோ, 1998-இல் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ வழியாகச் சங்க இலக்கியத்தைக் கைபேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது. மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. புத்தகத் திருவிழா மாவட்டந்தோறும் நடக்கிறது. அங்கே பெண்கள் தங்கள் சம்பளத்தில், யாரையும் கேட்காமல், பை நிறைய நூல் வாங்கிப் போவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. குறைந்துபோனது ஒன்றுதான்: படித்ததைப் பேச ஆள். வாசிப்பு காதில் மாட்டிய கருவிக்குள்ளும் கையகலத் திரைக்குள்ளும் போய்விட்டது. இதை உணர்ந்தவர்கள்தான் இப்போது பூங்காவிலும் மொட்டை மாடியிலும் வாசகர் வட்டம் கூட்டுகிறார்கள். பழைய படிப்பகம் வேறு உருவில் திரும்பி வருகிறது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

பிழைப்பாக இருந்த தறி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அன்று விடியலுக்கு முன்பே தெரு விழித்துவிடும். தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். அதற்குப் பிறகு நாள் முழுக்கத் தறிச் சத்தம். ஆண் தறிக்குழியில் இறங்குவார். பெண்கள் தார் சுற்றுவார்கள், பாவு பிணைப்பார்கள். அவர்கள் உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வரும். இரண்டும் சேரும் இடத்தில் ஊடை எனும் குறுக்கு நூல் ஒவ்வொன்றையும் கரை நூலோடு கோத்தாக வேண்டும். ஊடையை ஓட்ட மூன்று நாடாக்கள் வேண்டும், பக்கத்தில் உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல வீடுகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையாக இருந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைமுறை தாண்டியும் தீராமல் நின்றது.

நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அண்ணா இந்த ஊர்க்காரர். 1942-இல் ‘திராவிட நாடு’ இதழை இங்கிருந்துதான் தொடங்கினார். தறியும் வாசிப்பும் ஒரே தெருவில் வாழ்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். நூற்பதும் நெய்வதும் அப்போது பள்ளிப் பாடத்திலும் இருந்தன. காந்தியின் ஆதாரக் கல்வி தந்த உந்துதலில் பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றார்கள். சில உயர்நிலைப் பள்ளிகளில் நெசவு ஆசிரியர் என்றே ஒருவர் இருந்தார்.

பிறகு விசைத்தறி வந்தது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அது 11 ஆகச் சுருங்கியது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இதே காலத்தில்தான் நகரத்து வீடுகளில் மேசைமேல் வைக்கும் சிறு தறிகள் வந்து சேர்ந்தன. வங்கி ஊழியரும் மென்பொருள் பொறியாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் பருத்தி நூலில் மேசை விரிப்பும் தோள் துண்டும் நெய்கிறார்கள். புதிதாக நெய்பவருக்கு முதல் பாடத்தைக் கரை கற்பிக்கும். ஊடையைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் போதும், துணி உள்வாங்கி இடுப்பு சிறுத்துவிடும். ஒரு சின்னத் துண்டுக்கே இந்தப் பாடு என்றால், ஆறு கெஜத்துக்கும் கரை நேராக வர எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்பது அப்போது உடம்புக்குப் புரிகிறது. அதன் பிறகு அவர் துணிக்கடையில் சேலையைத் திருப்பிப் பார்க்கிறார். கரையோரம் ஊசித் தடம் தெரிகிறதா, கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்கிறார். விலையைச் சொன்னதும் முகம் சுளிப்பதில்லை.

கட்டளையாக இருந்த எழுத்து

திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித் தொடங்கியது நம் எழுத்து. ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்கள், ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். உ. வே. சாமிநாதையர் போன்றோர் அப்படிப்பட்ட ஏடுகளைத் தேடி, படித்து, ஒப்பிட்டுப் பதிப்பித்ததால்தான் இன்று நாம் சங்க இலக்கியத்தை வாசிக்கிறோம். பிறகு சிலேட்டு வந்தது. இரட்டைக்கோடு நோட்டும் இங்க் பேனாவும் வந்தன. எழுத்து கோணினால் விரல் முட்டியில் அளவுகோல் விழும். முத்து முத்தாக எழுதும் பிள்ளைக்குத் தெருவே கடிதம் எழுதும் வேலையைக் கொடுக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகளின் உருவம் மாறியது. லை, னை போன்றவற்றின் முன்னால் துதிக்கை போல வளைந்திருந்த கொக்கி போனது. பெரியவர்கள் கையில் மட்டும் அது கடைசிவரை நின்றது.

தெருவுக்கும் எழுத்துக் கலைஞர்கள் இருந்தார்கள். கடைப் பலகையிலும் பேருந்திலும் சுவரிலும் தூரிகையால் எழுதியவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். ஓவியர் கே. எம். ஆதிமூலம் இதழ்களின் தலைப்புகளுக்கு எழுதிய எழுத்துகள் தமிழ் வடிவத்துக்குப் புதிய துணிச்சலைத் தந்தன. ஃபிளெக்ஸ் பலகை வந்ததும் தெருத் தூரிகைகள் காய்ந்தன. விசைப்பலகை வந்ததும் கடிதங்கள் நின்றன.

இன்று எழுத்தோவியம் பழகும் இளைஞர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தொடங்குகிறார்கள். தமிழுக்கு வந்ததும் பட்டைமுனைப் பேனா வேறு கோணம் கேட்கிறது. ழகரத்தின் கீழ்வளைவில் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்களை எட்டாம் நூற்றாண்டில் கல்லில் கொடியும் சுருளுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தை ஓவியமாக நினைத்த மனம் நமக்குப் புதிதில்லை என்பதை அங்கே நேரில் காணலாம். எழுதும் கருவிக்கும் வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. திருவள்ளூரில் எபோனைட்டைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள்.

நமக்குள்ள கடன்

அடிக்குப் பயந்து எழுதிய கை இன்று ஆசையோடு எழுதுகிறது. கடனுக்கு நெய்த தறி சிலருக்கு மகிழ்ச்சிக்கான இடமாகியிருக்கிறது. ஒளித்துப் படித்தவரின் பேத்தி வெளிப்படையாகப் படிக்கிறாள். இவை உண்மையான முன்னேற்றங்கள்; இவற்றை நான் மனதாரக் கொண்டாடுகிறேன்.

விரும்பிச் செய்பவருக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. பிழைப்புக்காகச் செய்தவர்கள் காத்துத் தந்தது அது. அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். நெசவு பழகுபவர், காணொளி பார்த்த பிறகு, ஒருமுறை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் ஒரு நெசவாளரிடம் கற்கட்டும். கற்றுத் தந்ததற்கும் கூலி கொடுக்கட்டும். எழுத்தோவியம் பழகுபவர் தம் ஊரில் மிச்சமிருக்கும் பலகை ஓவியரிடம் தூரிகை பிடிக்கும் முறையைக் கேட்கட்டும்; புதுக் கடை திறப்பவர் பெயர்ப் பலகையை அவரிடமே எழுதக் கொடுக்கட்டும். படிப்பவர் வீட்டில் ஒருவருக்காவது உரக்கப் படித்துக் காட்டட்டும். நம் ஓய்வு நேரத்தை நிறைக்கும் இந்தக் கலைகள், அவற்றைக் காத்தவர்களின் அடுப்பையும் எரிய வைக்க வேண்டும். அதற்கு நம்மிடம் பணமும் நேரமும் இருக்கின்றன. மனம் மட்டும் வைத்தால் போதும்.