காற்று மெலியும் சாலை

வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானலில் இறங்கும்போது அதே சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் தேடுவீர்கள். இடையில் இருப்பது ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான மலைச்சாலைதான். அதற்குள் பஸ் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. காது அடைப்பது, குளிர்வது, மூடுபனி சூழ்வது என்று வழியில் நடப்பவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: மேலே போகப் போகக் காற்று மெலிகிறது.

காற்றுக்கு எடை உண்டு. கல்யாண மண்டபத்தில் மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அதில் அடியில் இருப்பது நசுங்கியும் உச்சியில் இருப்பது உப்பலாகவும் இருக்கும். காற்றும் அப்படித்தான். கடற்கரையில் நிற்கும்போது உங்கள் விரல்நகம் அளவு இடத்தை, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரை, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள காற்று அழுத்துகிறது. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அது சுமார் 800 கிராம்தான்.

காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் இந்த வித்தியாசத்தை முதலில் கண்டுபிடிப்பது காதுதான். செவிப்பறைக்கு உள்ளே இருப்பது கீழே சமவெளியில் அடைபட்ட காற்று. வெளியே அழுத்தம் குறைந்ததும் அது செவிப்பறையை வெளிப்பக்கமாகத் தள்ளும். நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அது ஒரு கணம் திறக்கும். மிச்சக் காற்று வெளியேறி, காது ‘டப்’பென்று விடும். மலைப்பயணத்தில் மிட்டாய் கொடுப்பது இதற்காகத்தான்.

டம்டம் பாறையில் வண்டி நின்றால் எல்லோரும் எதிரே 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவியைப் பார்ப்பார்கள். ‘எலிவால் அருவி’ என்பதும் அதுதான். பார்த்து முடித்ததும் திரும்பி, கடையில் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். சுருக்கமே இல்லாமல் விறைத்து நிற்கும், ஓரத் தையல் பிரிந்துவிடுமோ என்று தோன்றும். கடைக்காரர் கூடுதலாக எதையும் அடைக்கவில்லை. கீழே அடைத்த காற்று, வெளியே தடுக்கும் அழுத்தம் குறைந்ததால் விரிந்திருக்கிறது.

“மலை சூரியனுக்குப் பக்கம்தானே, பிறகு ஏன் குளிர்கிறது?” நல்ல கேள்வி. சூரியன் பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நாம் இரண்டு கிலோமீட்டர் ஏறியதில் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறும்போது விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டயரின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும். நம் சாலைக்குக் கணக்குப் போட்டால் 12 டிகிரிக்குப் பக்கம் வருகிறது.

மரங்களும் இந்தக் கணக்குப்படியே மாறுகின்றன. அடிவாரத்தில் முள்மரங்கள், புளி, மா. நடுவில் மலைவாழை, சில்வர் ஓக் நிழலில் காபி, அந்த மரத்திலேயே தொற்றி ஏறும் மிளகு. உச்சியில்தான் எனக்கு மிகவும் பிடித்த சோலைக்காடு. மலை மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் குட்டையான மரங்கள், அவற்றின் கிளைகளெல்லாம் பாசி. ஏறிவரும் ஈரக்காற்று குளிர்ந்து துளித்துளியாக மாறுவதே மூடுபனி. கீழேயிருந்து பார்ப்பவருக்கு அதுவே மேகம். பாசியைத் தொட்டுப் பாருங்கள், மழை பெய்யாத நாளிலும் ஈரமாக இருக்கும். மேகத்திலிருந்து பிடித்துவைத்த தண்ணீர் அது.

சோலையைச் சுற்றிலும் புல்வெளி. குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி படிந்து சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், புல் பிழைத்துக்கொள்ளும். புல்லும் சோலையும் சேர்ந்து மழையை மண்ணுக்குள் இறக்கி, கோடையில் மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. நாம் ஆசையாகப் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு மனிதர்கள் நட்டது. சீகை மரங்களும் யூகலிப்டஸும் அப்படி வந்தவைதான். அவற்றுக்காகப் பழைய புல்வெளிகள் பரப்பளவில் சுருங்கிப்போனது பெரிய இழப்பு. ஊற்று குறைந்தால் மலைக்கு மட்டுமா நஷ்டம்? மலைமேல் இருக்கும் பேரிஜம் ஏரியிலிருந்துதான் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிறது.

கொடைக்கானல் ஏரியும் இந்தக் கசிவுநீரில் பிறந்ததே. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் புகுந்ததால் ஏரிக்கு நட்சத்திர வடிவம் வந்தது. நிரம்பி வழியும் நீர், நீங்கள் வரும் வழியில் பார்த்த வெள்ளி அருவியாக விழுகிறது. ஏரிக்கரையில் டீ குடித்தால், அந்த டீக்கான தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 93 டிகிரியிலேயே கொதித்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மெலிந்த காற்றின் வேலை. இங்கே திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும்.

இறங்கும் முன் ஒரு சோதனைக்குத் தயாராகுங்கள். கொடைக்கானலில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு உண்டு. நமக்கும் எவர்சில்வர் பாட்டில்தான் வசதி. ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்து, ஏரிக்கரையில் மூடியை இறுக்கித் திருகுங்கள். சமவெளிக்கு வந்து ஒரு வாளித் தண்ணீருக்குள் பாட்டிலைத் தலைகீழாக அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திறக்க வேண்டும். ‘களுக்’கென்று தண்ணீர் உள்ளே ஏறும். கீழே உள்ள கனமான காற்று அதைத் தள்ளுகிறது. மூடியைத் தண்ணீருக்குள்ளேயே மறுபடி போட்டு, பாட்டிலை எடுத்து நிமிர்த்தி, உள்ளே போன தண்ணீரை அளந்து பாருங்கள். மூடி நன்றாக இறுகியிருந்தால் ஒரு சின்ன டம்ளர் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும்.