தில்லி கூரைச் சூரிய மின்சாரக் கொள்கை

தில்லி கூரைச் சூரிய மின்சாரக் கொள்கை என்பது இந்தியாவின் தலைநகரான தில்லியில், வீடுகள், அலுவலகங்கள், அரசுக் கட்டடங்கள் ஆகியவற்றின் மொட்டைமாடிகளில் சூரியத் தகடுகளை நிறுவி மின்சாரம் உற்பத்தி செய்வதை ஊக்குவிக்கத் தில்லி அரசு வகுத்த விதிகளும் சலுகைகளும் ஆகும். முதற் கொள்கை 2016 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அதற்கு மாற்றாக, தில்லி சூரியக் கொள்கை 2023 என்னும் பெயரில் இரண்டாம் கொள்கை 2024 மார்ச்சில் அறிவிக்கை செய்யப்பட்டது.

பின்னணி

தில்லியின் பரப்பளவு 1,483 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 1.68 கோடி மக்கள் வாழ்ந்தனர். நகரின் மின்தேவையில் பெரும்பகுதி பிற மாநிலங்களில் உள்ள மின்நிலையங்களிலிருந்து வருகிறது. நகருக்குள் இருந்த நிலக்கரி மின்நிலையங்கள் காற்று மாசு காரணமாக மூடப்பட்டன. அவற்றுள் இறுதியானதும் 705 மெகாவாட் திறன் கொண்டதுமான பதர்ப்பூர் மின்நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது.

மறுபுறம், கோடைகாலத்தில் குளிரூட்டிகளின் பயன்பாட்டால் மின்தேவை உயர்ந்துகொண்டே வருகிறது. 2024 சூன் 19 அன்று நகரின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. சூரியப் பண்ணைகள் அமைப்பதற்கான வெற்று நிலம் தில்லியில் மிகக் குறைவு. எனவே நகருக்குள் சூரிய மின்சாரம் பெற வேண்டுமானால், கட்டடக் கூரைகளே முதன்மையான இடமாகின்றன.

செயல்படும் விதம்

சூரியத் தகடுகள் நேர்மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. இன்வெர்ட்டர் அதனை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுகிறது. ஒரு கிலோவாட் திறனுக்கு நிழல் விழாத ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் தேவைப்படும். தில்லியில் ஒரு கிலோவாட் அமைப்பு, ஆண்டுச் சராசரியாக மாதத்துக்கு ஏறத்தாழ 110 யூனிட் மின்சாரம் தரும் எனக் கொள்ளலாம்.

பகலில் வீட்டின் தேவைக்கு மேல் உற்பத்தியாகும் மின்சாரம் பொது மின்வலையமைப்புக்குச் செல்கிறது. இரவில் வீடு அங்கிருந்து மின்சாரத்தைப் பெறுகிறது. இரு திசைகளிலும் அளக்கும் மீட்டர் இவற்றைப் பதிவு செய்கிறது. பெற்றதிலிருந்து கொடுத்ததைக் கழித்து, எஞ்சிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் கணக்கிடப்படும். இம்முறை நிகர அளவீடு எனப்படுகிறது. ஒரு மாதத்தில் மிகும் யூனிட்டுகள் அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கப்படும். இதற்கான விதிகளைத் தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014 இல் வெளியிட்டது.

மின்கலம் இல்லாத இவ்வகை அமைப்புகள் மின்தடையின்போது இயங்கா. பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்கு மின்தாக்கு ஏற்படாதிருக்கும் பொருட்டு, பொது மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும்.

2016 ஆம் ஆண்டுக் கொள்கை

முதற் கொள்கை 2020 க்குள் 1,000 மெகாவாட், 2025 க்குள் 2,000 மெகாவாட் என இலக்குகளை வகுத்தது. வீடுகளில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உற்பத்தி செய்தவர்களுக்கே இத்தொகை கிடைத்தது. இரண்டாம் கொள்கை அறிவிக்கப்பட்டபோது நகரின் கூரைகளில் நிறுவப்பட்டிருந்த திறன் ஏறத்தாழ 250 மெகாவாட் மட்டுமே.

2023 ஆம் ஆண்டுக் கொள்கை

இக்கொள்கை 2027 மார்ச்சுக்குள் மொத்தம் 4,500 மெகாவாட் சூரியத் திறனை இலக்காகக் கொண்டது. இதில் 750 மெகாவாட் நகரின் கூரைகளிலும், 3,750 மெகாவாட் தில்லிக்கு வெளியே உள்ள பெரிய சூரியப் பண்ணைகளிலிருந்தும் பெறப்பட வேண்டும். இதன் முக்கிய கூறுகள்:

* 3 கிலோவாட் வரையுள்ள வீட்டு அமைப்புகளுக்கு யூனிட்டுக்கு 3 ரூபாயும், 3 முதல் 10 கிலோவாட் வரை 2 ரூபாயும் ஊக்கத்தொகை. இது ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கும்.
* குறைந்தபட்ச உற்பத்தி நிபந்தனை நீக்கம்.
* வணிக, தொழில் நுகர்வோருக்கு முதற்கட்டமாக யூனிட்டுக்கு 1 ரூபாய் ஊக்கத்தொகை.
* 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கூரையுடைய அரசுக் கட்டடங்களில் மூன்று ஆண்டுகளுக்குள் சூரியத் தகடுகள் கட்டாயம்.

நடுவண் அரசின் மானியம்

2024 பெப்ரவரியில் இந்திய நடுவண் அரசு பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட அமைப்புகளுக்கு உச்சமாக 78,000 ரூபாயும் மானியமாக வழங்கப்படுகின்றன. 2025 மே மாதத்தில் தில்லி அமைச்சரவை, கிலோவாட்டுக்கு 10,000 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் வரை கூடுதல் மானியத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதனால் 3 கிலோவாட் அமைப்புக்கான மொத்த மானியம் 1,08,000 ரூபாய் ஆயிற்று.

இலவச மின்சாரத்துடன் உள்ள தொடர்பு

2019 ஆகத்து முதல் தில்லியில் மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்பட்டது. 201 முதல் 400 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு, 800 ரூபாய் உச்சவரம்புடன் பாதிக் கட்டணச் சலுகை அளிக்கப்பட்டது. இச்சலுகை சூரியக் கொள்கையின் பயனை வீட்டுக்கு வீடு மாற்றுகிறது. இதனை இரு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, மாதம் 450 யூனிட் பயன்படுத்தும் வீடு. இதற்குக் கட்டணச் சலுகை எதுவும் இல்லை. 3 கிலோவாட் அமைப்பு நிறுவினால் 330 யூனிட் உற்பத்தியாகும். நிகரப் பயன்பாடு 120 யூனிட்டாகக் குறைவதால் கட்டணம் முற்றிலும் நீங்கும். அத்துடன் மாதம் 990 ரூபாய் ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

இரண்டாவது, மாதம் 180 யூனிட் பயன்படுத்தும் வீடு. இதன் கட்டணம் ஏற்கனவே சுழியம். 1 கிலோவாட் அமைப்பு நிறுவினால் 330 ரூபாய் ஊக்கத்தொகை மட்டுமே கிடைக்கும். கட்டணத்தில் குறைவதற்கு ஒன்றுமில்லை. இவ்வீடு பயன்படுத்தும் மின்சாரத்துக்கு அரசே செலவிடுவதால், சூரிய மின்சாரத்தால் மிச்சமாகும் கட்டணம் வீட்டாருக்கன்றி அரசுக்கே சேரும்.

ஆகவே மின்சாரம் மிகுதியாகப் பயன்படுத்தும் வசதியான வீடுகளுக்குச் சூரியத் தகடு விரைவில் முதலீட்டைத் திருப்பித் தருகிறது. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு அதனை நிறுவும் தூண்டுதல் மிகக் குறைவு.

கூரை இல்லாதோர்

தில்லியில் பலர் வாடகை வீடுகளிலும் அடுக்ககங்களிலும் வாழ்கின்றனர். தளம் தளமாக விற்கப்பட்ட கட்டடங்களில் மொட்டைமாடியின் உரிமை பெரும்பாலும் ஒருவரிடமே இருக்கும், அல்லது பலருக்குப் பொதுவானதாக இருக்கும். வாடகைக்கு இருப்பவர் கூரையில் முதலீடு செய்ய இயலாது.

இதற்குத் தீர்வாக, மெய்நிகர் நிகர அளவீட்டு முறைக்கான வழிகாட்டுதல்களை ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் வெளியிட்டது. இம்முறையில் பலர் சேர்ந்து வேறோர் இடத்தில் ஒரே சூரிய அமைப்பை நிறுவலாம். அதன் உற்பத்தி, பங்கு விகிதப்படி ஒவ்வொருவரின் மின்கட்டணத்திலும் கழிக்கப்படும். 2023 ஆம் ஆண்டுக் கொள்கையும் இத்தகைய சமுதாயச் சூரிய அமைப்புகளை ஊக்குவிக்கிறது.

பிற சிக்கல்கள்

நெருக்கமாகக் கட்டப்பட்ட பகுதிகளில் அண்டைக் கட்டடங்களின் நிழலும் தண்ணீர்த் தொட்டிகளும் பயன்படும் பரப்பைக் குறைக்கின்றன. தகடுகளில் படியும் தூசும் குளிர்காலப் புகைமூட்டமும் உற்பத்தியைக் குறைப்பதால், தகடுகளை அடிக்கடி கழுவ வேண்டும். மொட்டைமாடி துணி உலர்த்தவும், வெயில் காயவும், கோடையில் உறங்கவும் பயன்படும் இடம் என்பதால், தகடுகளை உயரமான சட்டங்களின் மேல் பொருத்த வேண்டியுள்ளது. இதனால் செலவு கூடுகிறது.

மேலும், கூடுதல் கட்டணம் செலுத்தும் நுகர்வோர் சூரிய மின்சாரத்துக்கு மாறும்போது பகிர்மான நிறுவனங்களின் வருவாய் குறைகிறது. ஆனால் கம்பிகள், மின்மாற்றிகள் ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவு குறைவதில்லை. அதே வேளையில், கூரையில் உண்டாகும் மின்சாரம் அங்கேயே பயன்படுவதால் கடத்தல் இழப்பு குறைகிறது. கோடைப் பகல் நேர உச்சத் தேவைக்கு இது உதவும். சூரியன் மறைந்தபின் எழும் இரவு நேர உச்சத்துக்கு மின்கலச் சேமிப்பு இன்றி உதவாது.