ஒரே இரவில் ஏறிய 2 கிலோ: கொழுப்பா, நீரா?

எடையைக் குறைக்க முயன்று வரும் மாணவர் ஒருவர், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பிரியாணி, முறுக்கு, நெய்யுருண்டை என அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிடுகிறார். மறுநாள் காலையில் எடை 2 கிலோ கூடியிருக்கிறது. ‘இத்தனை நாள் முயற்சியும் வீண்’ என்று மனமுடைந்து, அன்று பட்டினி கிடக்க முடிவெடுக்கிறார். மாணவர்களே, சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. 2 கிலோ கொழுப்பு சேர, அன்றாடத் தேவைக்கு மேல் 15,400 கிலோகலோரி உண்டிருக்க வேண்டும்! 770 கிலோகலோரி கூடுதலாக உண்டிருந்தால், சேரும் கொழுப்பு சுமார் 100 கிராம்தான்.

மீதி எடை எங்கிருந்து வந்தது? நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் சுமார் 3 கிராம் நீர் தங்குகிறது. உணவிலுள்ள உப்பும் உடலில் நீரைத் தேக்குகிறது. குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. வழக்கமான உணவுக்குத் திரும்பினால், இந்த எடை சில நாள்களில் இறங்கிவிடும்.

பட்டினி கிடந்தால் பசி கடுமையாகி, மாலையில் மீண்டும் அளவுக்கு மீறத் தூண்டும். வளரும் வயதில் தேவையான புரதமும் இரும்புச்சத்தும் குறையும்.

ஆகவே, மறுநாள் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு வையுங்கள். தண்ணீர் குடியுங்கள், வழக்கம்போல் விளையாடுங்கள். மிகையாக உண்பதும் பட்டினி கிடப்பதும் மாறி மாறித் தொடர்ந்தால், பெற்றோரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.